1,260 அடி நெடுஞ்சாலை: ஹாம்ப்டன், வால்டோ ஊர்களின் வேகப் பொறி பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களிலிருந்து காரில் புளோரிடாவுக்கு வருகிறவர்கள், ஜாக்சன்வில் நகரத்தைத் தாண்டியதும் ஒக்காலா பக்கம் இறங்குவதற்கு நெடுஞ்சாலை 301ஐப் பிடிப்பது வழக்கம். பெரிய விரைவுச்சாலைகளைச் சுற்றிக்கொண்டு போவதைவிட அது குறுக்குவழி. போகப் போக வேகமும் கூடும். மணிக்கு 65 மைல், அதாவது ஏறத்தாழ 105 கிலோமீட்டர் வேகம் அனுமதிக்கப்பட்டிருக்கும் நீண்ட பகுதிகள் அந்தச் சாலையில் உண்டு. லாட்டி, ஸ்டார்க், ஹாம்ப்டன், வால்டோ என்று வரிசையாக வரும் சிற்றூர்களில் ஒன்றின் பெயரைக்கூட வெளியூர்க்காரர் நினைவில் வைத்திருக்க மாட்டார். ஆனால் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவர்களில் பல்லாயிரம் பேருக்கு இந்த ஊர்களின் பெயர் வீட்டுக்குப் போன பிறகு மனப்பாடமானது. கையிலிருந்த அபராதச் சீட்டில் அது அச்சாகியிருந்தது. பாதுகாப்பைவிட வருமானத்துக்காகவே ஓட்டுநர்களைக் காத்திருந்து மடக்கும் இத்தகைய இடத்தை ‘வேகப் பொறி’ என்பார்கள்.

இவற்றுள் ஹாம்ப்டனின் கதைதான் மிகவும் விசித்திரமானது. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்ந்தவர்கள் 477 பேர். ஊர் நெடுஞ்சாலையின்மீதும் இல்லை. மேற்கே சற்று விலகி இருக்கிறது. 1990களில் ஊர் நிர்வாகம் தன் எல்லையைக் கிழக்கே ஒரு வால்போல நீட்டி, நெடுஞ்சாலை 301இன் 1,260 அடி நீளத்தைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. புதிதாகக் குடியேறியவர்களுக்குத் தண்ணீரோ தெருவிளக்கோ கொடுப்பதற்காக ஊர் எல்லை விரிவதுதான் வழக்கம். இங்கே இணைக்கப்பட்ட துண்டில் முக்கியமாக இருந்தது தார்ச்சாலையும் அதன்மேல் ஓடும் வெளியூர் வண்டிகளும்தான். மணிக்கு 65 மைல் வேகத்தில் செல்லும் வண்டி அந்த 1,260 அடியைக் கடக்க எடுத்துக்கொள்ளும் நேரம் 13 விநாடி. ஓட்டுநர் ஹாம்ப்டன் நகருக்குள் நுழைந்து வெளியேறியதாகச் சட்டம் சொல்லும் கால அளவு அவ்வளவுதான்.

அந்த 13 விநாடிக்குள்ளேயே 2011, 2012 ஆகிய இரண்டு ஆண்டுகளில் ஹாம்ப்டன் காவல்துறை எழுதிய சீட்டுகள் 12,698. விடுமுறை நாள், மழை நாள் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் நாளொன்றுக்குப் பதினேழுக்கு மேல். ஊரில் இருக்கும் பச்சைக் குழந்தை முதல் முதியவர் வரை தலைக்கு இருபத்தாறு சீட்டு. சாலையோரத்தில் மடக்கு நாற்காலி போட்டு, வேகத்தை அளக்கும் ரேடார் துப்பாக்கியை நீட்டியபடி காவலர்கள் உட்கார்ந்திருந்ததை அந்த வழியே போனவர்கள் நன்றாகவே அறிவார்கள்.

இதை நம் ஊர் அனுபவத்தோடு வைத்துப் பார்க்கும் வாசகருக்கு ஓர் ஐயம் எழும். 477 பேர் உள்ள ஊருக்குத் தனிக் காவல்துறை எப்படி வந்தது? தமிழ்நாட்டில் காவல்துறை மாநில அரசின் துறை. ஊராட்சித் தலைவரோ பேரூராட்சித் தலைவரோ ஒரு காவலரைக்கூட நியமிக்க முடியாது. போக்குவரத்து அபராதம் ஊராட்சிக் கணக்கில் சேர்வதும் இல்லை. அமெரிக்காவில் நிலைமை வேறு. ‘நகரம்’ என்று சட்டப்படி பதிவு பெற்ற எந்த ஊரும், அது எவ்வளவு சிறியதாக இருந்தாலும், தன் செலவில் காவல்துறை வைத்துக்கொள்ளலாம். அந்தக் காவலர்கள் ஊர் எல்லைக்குள் எழுதும் சீட்டின் அபராதத்தில் ஒரு பங்கு ஊர்க் கருவூலத்துக்கே போகும். மீதி, நம் மாவட்டம் போன்ற கவுண்டிக்கும் மாநிலத்தின் பல்வேறு நிதிகளுக்கும் பிரியும். ஒரு சீட்டிலிருந்து ஊருக்குக் கிடைப்பது முழுத்தொகையின் ஒரு பகுதிதான் என்பதால், காவலரின் சம்பளத்தை அதிலிருந்தே எடுக்க வேண்டுமானால் சீட்டின் எண்ணிக்கை ஏறித்தான் ஆக வேண்டும். எனக்குத் தோன்றுகிறவரை இந்த விவகாரத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. பேராசை பிடித்த நாலு அதிகாரிகள் அதன்மேல் பின்னால் படர்ந்தவர்கள்.

இந்த அமைப்பில் வெளியூர்க்காரர் மிகவும் வசதியான இலக்கு. அவர் ஊர்த் தேர்தலில் வாக்களிப்பதில்லை. சீட்டை எதிர்த்து வழக்காட வேண்டுமென்றால் பல நூறு மைல் திரும்பி வந்து கவுண்டி நீதிமன்றத்தில் நிற்க வேண்டும். அதற்கு ஆகும் செலவு அபராதத்தைவிட அதிகம். ஆகவே பெரும்பாலோர் பணத்தைக் கட்டிவிட்டு, உரிமத்தில் ஏறும் குற்றப்புள்ளிகளையும் அதனால் கூடும் காப்பீட்டுக் கட்டணத்தையும் சுமந்துகொண்டு போய்விடுகிறார்கள். பொருளியலாளர்கள் மைக்கேல் மகோவ்ஸ்கியும் தாமஸ் ஸ்ட்ராட்மனும் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சீட்டுகளை ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட முடிவு இதை உறுதிப்படுத்துகிறது. ஒரே அளவு வேகத்தில் பிடிபட்டாலும் உள்ளூர்க்காரர் எச்சரிக்கையோடு விடப்படுவதற்கும் வெளியூர்க்காரர் அபராதம் கட்டுவதற்குமே வாய்ப்பு அதிகம். சொத்துவரியை உயர்த்த ஊர்மக்கள் மறுத்துவிட்ட இடங்களில் அபராதம் விதிக்கும் போக்கு மேலும் கூடுகிறது.

ஹாம்ப்டனுக்கு இப்படி வந்த பணம் ஆண்டுக்கு 2 லட்சம் டாலருக்கும் மேல். நானூற்றுச் சொச்சம் பேர் வாழும் ஊருக்கு அது பெரிய தொகை. அந்தப் பணத்தில் ஊர் செழித்திருக்க வேண்டும். ஆனால் 2014 தொடக்கத்தில் புளோரிடா மாநிலத் தலைமைத் தணிக்கையாளர் வெளியிட்ட அறிக்கை காட்டிய படம் வேறு. ஊர் நிர்வாகத்தின்மீது 31 குறைகளை அது அடுக்கியது. நகர்மன்ற அலுவலகத்துக்கு அடுத்த பெட்ரோல் பங்க் கடையில் ஊர்க் கணக்கில் 1,32,000 டாலருக்குப் பொருள் வாங்கப்பட்டிருந்தது. ஊரின் கடன் அட்டையில் 27,000 டாலர் செலவு, பொதுத் தேவைக்கு என்று காட்ட ஆவணமில்லாமல் கிடந்தது. ஊர் இறைத்து விநியோகித்த தண்ணீரில் ஏறத்தாழப் பாதிக்குக் கணக்கே இல்லை. மீட்டர் அளவுப் பதிவேடுகளைக் கேட்டபோது, அவை சதுப்பில் தொலைந்துபோயின என்பது பதிலாக வந்தது. இதற்கிடையில் 2013 நவம்பரில் ஊரின் மேயர், மாறுவேடத்தில் வந்த காவலரிடம் ஆக்சிகோடோன் என்ற போதை தரும் வலிநிவாரணி மாத்திரையை விற்றதாகக் கைது செய்யப்பட்டுச் சிறையில் இருந்தார்.

இந்த முறைகேடுகளை வேகப் பொறியோடு தொடர்பில்லாத தனிக்கதை என்று சிலர் ஒதுக்குவார்கள். நான் அப்படிக் கருதவில்லை. ஊர்மக்களின் வரிப்பணம் என்றால், அது எங்கே போனது என்று கேட்க ஊரிலேயே ஆள் இருப்பார்கள். குழாயில் தண்ணீர் வராத வீட்டுக்காரர் நகர்மன்றக் கூட்டத்துக்கு வந்து குரலை உயர்த்துவார். சாலையில் போகிறவர் கட்டிவிட்டுப் போன பணத்துக்கு அப்படிக் கேட்பவர் ஒருவரும் இல்லை. கொடுத்தவர் நியூயார்க்கிலோ ஓஹாயோவிலோ இருக்கிறார். ஊர்க்காரருக்கோ தன் பையிலிருந்து போகாத பணம். கேள்வி கேட்பாரற்ற வருமானம் வருடக்கணக்கில் வந்துகொண்டிருந்த இடத்தில் கணக்கு எழுதும் பழக்கமே தேய்ந்துபோனது என்றுதான் அந்தத் தணிக்கை அறிக்கையை நான் வாசிக்கிறேன்.

பின்னர் நடந்தவை வேகமாக நடந்தன. மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் சார்லஸ் வான் சான்டும் செனட்டர் ராப் பிராட்லியும் ஹாம்ப்டன் நகரத்தையே கலைத்துவிட முனைந்தார்கள். அதற்கான அதிகாரம் மாநிலச் சட்டமன்றத்துக்கு உண்டு. சில வாரக் கெடு கொடுக்கப்பட்டது. பொறுப்பிலிருந்தவர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள், காவல்துறை மூடப்பட்டது, ஊர்க்காரர்கள் சிலர் முன்வந்து கணக்குகளை ஒழுங்குபடுத்தத் தொடங்கினார்கள். நெடுஞ்சாலைத் துண்டை ஊர் எல்லையிலிருந்து நீக்கவும் புதிய நிர்வாகம் ஒப்புக்கொண்டது. 2014 மார்ச் இறுதியில், ஹாம்ப்டன் ஊராகத் தொடரலாம் என்று சட்டமன்றத்தார் விட்டுவிட்டார்கள்.

அங்கிருந்து அதே நெடுஞ்சாலையில் தெற்கே சிறிது தூரம் போனால் வால்டோ வரும். சுமார் ஆயிரம் பேர் வாழும் இந்த ஊர் ஹாம்ப்டனைப்போல வால் நீட்டவில்லை. நெடுஞ்சாலை உண்மையிலேயே ஊரின் நடுவே போகிறது. அதனால் வால்டோவை எடைபோடுவது கடினம். அதனால்தான் அது கூடுதலாகக் கற்பிக்கவும் செய்கிறது.

ஊரை நெருங்கும் ஓட்டுநரின் இருக்கையில் ஒரு நிமிடம் உட்கார்ந்து பார்க்கலாம். 65 என்ற பலகைக்குப் பழகிய கால், 55 என்ற பலகையைக் கண்டு தளர்கிறது. உடனே 45. அதற்குத் தக்கபடி குறைத்தால் மறுபடி 55. சரி, ஊர் முடிந்தது போலும் என்று காலை அழுத்தினால் மீண்டும் 45. பிறகு இன்னொரு 55. கடைசியில் 35. சிறிது தூரத்துக்குள் ஆறு மாற்றம். மணிக்கு 55 மைலில் செல்லும் கார் ஒரு விநாடிக்கு எண்பது அடி நகர்கிறது. முன்னால் போகும் லாரி ஒன்று வலப்பக்கப் பலகையை மறைத்துவிட்டால், அந்தப் பலகை இருந்ததே தெரியாமல் இருநூறு அடி கடந்திருப்போம். இந்தப் பலகைகளை வைத்தது வால்டோ நிர்வாகம் அல்ல என்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். மாநில நெடுஞ்சாலையில் வேக வரம்பைத் தீர்மானிப்பது மாநிலப் போக்குவரத்துத் துறை. எந்தப் பலகைக்குப் பக்கத்தில் காவலரை நிறுத்துவது என்பதைத்தான் ஊர் தீர்மானிக்கிறது. பள்ளிக்கூடத்தின் எதிரிலும் நிறுத்தலாம். வரம்பு மாறும் இடத்தில், ஓட்டுநரின் கால் இன்னும் பழைய வேகத்திலிருந்து இறங்காத அந்தச் சில நூறு அடிக்குள்ளும் நிறுத்தலாம். இரண்டும் சட்டப்படியான காவல் பணிதான். விபத்தைத் தடுப்பது ஒன்றுதான் நோக்கமென்றால் முதல் இடத்தைத் தேர்ந்தெடுக்கத் தயக்கமே இராது.

2013இல் வால்டோவின் ஏழு காவலர்கள் எழுதிய சீட்டுகள் 11,603. பக்கத்துப் பல்கலைக்கழக நகரமான கெயின்ஸ்வில்லில் அதைப்போலப் பல மடங்கு பெரிய காவல்துறை அதே ஆண்டில் எழுதியவை சுமார் 25,000 மட்டுமே. வால்டோவின் ஆண்டு வருமானத்தில் பாதியை ஒட்டிய தொகை இந்தச் சீட்டுகளிலிருந்தே வந்தது. அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ, 1995ஆம் ஆண்டிலேயே வால்டோவையும் லாட்டியையும் ‘போக்குவரத்துப் பொறி’ என்று வெளிப்படையாக அறிவித்திருந்தது. நாடு முழுவதிலும் அந்தப் பெயரை அது சூட்டிய ஊர்கள் இவை இரண்டே. பயணிகளை எச்சரிக்கச் சாலையோர விளம்பரப் பலகைக்கும் அந்தச் சங்கம் பணம் செலவழித்தது. இவ்வளவு அவப்பெயரும் ஏறத்தாழ இருபது ஆண்டுக் காலம் ஊரை அசைக்கவில்லை. அசைத்தவர்கள் சீட்டு எழுதியவர்கள்தான்.

2014 ஆகஸ்டில் வால்டோ காவலர்கள் சிலர் நகர்மன்றக் கூட்டத்தில் எழுந்து பேசினார்கள். பன்னிரண்டு மணி நேரப் பணியில் குறைந்தது பன்னிரண்டு சீட்டு எழுத வேண்டும், இல்லையென்றால் விளைவுகளைச் சந்திக்க வேண்டும் என்று தங்களுக்கு உத்தரவு இருப்பதாக அவர்கள் குற்றஞ்சாட்டினார்கள். மணிக்கு ஒரு சீட்டு. இந்தக் கணக்கு ஒரு காவலரின் நாளை என்ன செய்யும் என்று யோசித்தால் மனம் கனக்கிறது. பத்து மணி நேரத்தில் எட்டு சீட்டு எழுதியவர், மீதி இரண்டு மணி நேரத்தில் யார் உண்மையிலேயே ஆபத்தாக ஓட்டுகிறார் என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பலகையைத் தாண்டி முதலில் வருகிற வண்டியைத்தான் பார்ப்பார். குடிபோதையில் தள்ளாடும் ஒரு வண்டியை நிறுத்திச் சோதித்து, கைது செய்து, நிலையத்துக்கு அழைத்துச் சென்று எழுத்து வேலையை முடிப்பதற்குள் பணி நேரத்தில் பெரும்பகுதி போய்விடும். எண்ணிக்கையில் அது ஒன்று. ஆகவே எண்ணிக்கையால் அளக்கப்படும் காவலர் மிக ஆபத்தான ஓட்டுநரைத் தவிர்ப்பதற்கே தூண்டப்படுகிறார். வெளியே வந்து பேசிய அந்தக் காவலர்கள் தங்கள் வேலையையே பணயம் வைத்தார்கள். செப்டம்பர் 30 அன்று நகர்மன்றம் நாலுக்கு ஒன்று என்ற வாக்கில் காவல்துறையைக் கலைத்தபோது அந்த வேலையும் போயிற்று. பொறுப்பு கவுண்டியின் காவல் அமைப்பான ஷெரிப் துறைக்குச் சென்றது.

அடுத்த ஆண்டு, 2015இல், போக்குவரத்துச் சீட்டுகளுக்கு எண்ணிக்கை இலக்கு வைக்கக் கூடாது என்று புளோரிடா சட்டம் இயற்றியது. ‘வால்டோ மசோதா’ என்றே அது பேசப்பட்டது.

இவ்வளவையும் படித்துவிட்டு, வேகக் கண்காணிப்பே ஏமாற்று வேலை என்று யாரேனும் முடிவுகட்டினால் அது பெரும் தவறு. உயிரோடு விளையாடும் தவறு. ஏஏஏவின் ஆய்வு அமைப்பு 2011இல் வெளியிட்ட கணக்கின்படி, மணிக்கு 23 மைல் வேகத்தில் வரும் வண்டி மோதினால் பாதசாரி இறப்பதற்கான வாய்ப்பு பத்து சதவீதம். 42 மைலில் அது ஐம்பது சதவீதம். ஆகவே ஊருக்குள் 35 என்ற பலகைக்கும் அதை மீறி 45இல் வருகிற காருக்கும் இடையிலுள்ள வேறுபாடு, சாலையைக் கடக்கும் ஒரு குழந்தைக்கு வாழ்வுக்கும் சாவுக்கும் உள்ள வேறுபாடாக மாறலாம். தங்கள் வீட்டு வாசலில் நெடுஞ்சாலை போகிற வால்டோ மக்கள், வண்டிகள் மெதுவாகப் போக வேண்டும் என்று கேட்பது முழு நியாயம். முன்பு சொன்ன அதே இரு பொருளியலாளர்கள் பின்னர் செய்த ஆய்வில், சீட்டுகள் கூடினால் விபத்துகளும் காயங்களும் குறைகின்றன என்றும் கண்டார்கள். பணத்துக்காக எழுதப்பட்ட சீட்டுக்கும் உயிர் காக்கும் ஆற்றல் உண்டு என்பது இந்த விவாதத்தில் எளிதாக மறைக்கப்படுகிற உண்மை. அதை மறைக்க எனக்கு மனமில்லை.

அப்படியானால் எது பொறி, எது காவல்? இந்தக் கேள்விக்கு அமெரிக்க நீதிமன்றங்கள் வேறொரு கோணத்திலிருந்து நெடுங்காலத்துக்கு முன்பே விடை தேடியிருக்கின்றன. ஓஹாயோ மாநிலத்து ஊர்களில் மேயரே நீதிபதியாக உட்கார்ந்து அபராதம் விதிக்கும் வழக்கம் இருந்தது. மதுவிலக்குக் காலத்தில் ஒரு மேயர், குற்றவாளி என்று தீர்ப்பளித்தால் மட்டுமே தனக்குக் கட்டணம் கிடைக்கும் முறையில் வழக்கை விசாரித்தார். 1927இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. 1972இல் மன்றோவில் என்ற ஊரின் வழக்கு வந்தது. அங்கே மேயரின் சொந்தப் பைக்கு எதுவும் போகவில்லை. ஆனால் 1964இல் அந்த ஊரின் மொத்த வருமானமான 46,355 டாலரில் 23,589 டாலர், அதாவது பாதிக்குமேல், மேயர் நீதிமன்றத்தின் வழியே வந்திருந்தது. ஊரின் வரவுசெலவுக்குப் பொறுப்பான ஒருவர் அந்த வருமானத்தைத் தரும் வழக்கில் நடுநிலையோடு இருக்க முடியாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மிகத் தெளிவான தீர்ப்பு. ஆனால் அது நீதிபதியின் நாற்காலியோடு நின்றுவிட்டது. புளோரிடாவில் ஊர் நீதிமன்றங்கள் 1970களிலேயே ஒழிக்கப்பட்டுவிட்டன. சீட்டு வழக்குகள் கவுண்டி நீதிமன்றத்துக்குத்தான் போகும். நீதிபதி ஊருக்குக் கடமைப்பட்டவர் அல்லர் என்பதால் அரசியலமைப்பு நோக்கில் எல்லாம் சரியாகவே இருந்தது. சாலையோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவரின் சம்பளம் மட்டும் அதே அபராதத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. நூற்றில் பெரும்பாலோர் நீதிமன்றத்துக்கே வராமல் பணம் கட்டிவிடும் ஒரு துறையில், உண்மையான தீர்ப்பை எழுதுபவர் அந்தக் காவலர்தான். நடுநிலை என்ற நிபந்தனை அவரை எட்டவில்லை என்பதே இந்தச் சட்டத்தின் பெரிய ஓட்டை என்று நினைக்கிறேன்.

ஓட்டையை அடைக்காமல் விட்டால் அது வேறிடத்தில் திறக்கும். அலபாமாவில் பர்மிங்ஹாமுக்கு வடக்கே 1,253 பேர் வாழும் புரூக்சைட் என்ற பழைய சுரங்க ஊர், 2018இல் புதிய காவல் தலைவரை நியமித்தது. பக்கத்தில் போகும் விரைவுச்சாலை 22இன் ஒன்றரை மைல் நீளம் ஊர் எல்லைக்குள் இருந்தது. இரண்டே ஆண்டுகளில் அபராதத்தாலும் பறிமுதலாலும் வந்த வருமானம் 640 சதவீதம் உயர்ந்து, ஊரின் மொத்த வருமானத்தில் 49 சதவீதமானது. 2018இல் ஐம்பது வண்டிகளை இழுத்துச் சென்ற காவல்துறை 2020இல் 789 வண்டிகளை இழுத்துச் சென்றது. ஊரின் மோப்ப நாய் ஒன்றுக்கு ‘கேஷ்’ என்று பெயர். 2022 ஜனவரியில் உள்ளூர்ச் செய்தியாளர்கள் இதை விரிவாக வெளியிட்டதும், அதே மாதத்தில் காவல் தலைவர் பதவி விலகினார். போக்குவரத்து அபராதத்திலிருந்து ஒரு நகராட்சி வைத்துக்கொள்ளும் தொகைக்கு அதன் வரவுசெலவில் பத்து சதவீதம் என்று அலபாமா சட்டமன்றம் அந்த ஆண்டே வரம்பு கட்டியது. அந்தச் செய்திகளுக்கு 2023இல் புலிட்சர் பரிசு கிடைத்தது.

புளோரிடாவின் இலக்குத் தடையைவிட அலபாமாவின் இந்த வரம்பையே நான் வலுவானதாகக் கருதுகிறேன். வாய்மொழியாக வைக்கப்படும் இலக்கை யாராலும் எளிதில் நிரூபிக்க முடியாது. பணி மதிப்பீடு என்ற பெயரில் அது திரும்பவும் வரலாம். ஊர்க் கணக்கில் அபராதப் பங்கு எத்தனை சதவீதம் என்பதோ தணிக்கையாளர் ஒரு நாளில் பார்த்துவிடக்கூடிய எண். இன்னொன்றையும் கேட்கத் தோன்றுகிறது. விபத்து நடந்த இடங்களின் வரைபடமும் சீட்டு எழுதப்பட்ட இடங்களின் வரைபடமும் ஆண்டுதோறும் ஒரே தாளில் அச்சிடப்பட்டு ஊர்மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். இரண்டிலும் புள்ளிகள் ஒரே இடத்தில் குவிந்திருந்தால் அந்தக் காவலர்களுக்கு நன்றி சொல்லலாம்.

2018இல் ஏஏஏ, வால்டோ, லாட்டி ஆகிய இரு பெயர்களையும் தன் பொறிப் பட்டியலிலிருந்து நீக்கியது. ஹாம்ப்டன் இன்றும் ஊராக இருக்கிறது. சொந்தக் காவல்துறை இல்லை. அந்த 1,260 அடி சாலையில் வேகமாகச் செல்பவரை இப்போது நிறுத்துவது ஷெரிப்பின் காவலரோ மாநில நெடுஞ்சாலை ரோந்துக் காவலரோதான். அவர் எழுதும் சீட்டிலிருந்து ஹாம்ப்டனுக்கு ஒரு காசும் வராது.